பசு, அட்டை, பாறை

தனுஷ்கோடிக்குப் போகும் சாலையில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்கிறது வரைபடம். ராமேஸ்வரம் தீவில் அவற்றுக்குப் பெண்கடல், ஆண்கடல் என்று பெயர். வடபக்கத்தில் ஆழம் குறைவு. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. அலை சத்தமில்லாமல் வந்து மணலில் மடிந்துவிடும். தென்பக்கத்தில் அதே நேரத்தில் அலை ஆளுயரம் எழுந்து அடித்துக்கொண்டிருக்கும். ஆகவே அமைதியானது பெண், ஆர்ப்பரிப்பது ஆண். சுற்றுலா வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். கடலில் இறங்கிப் பிழைக்கிறவர்களுக்கு இந்தப் பெயரோடு சேர்த்து இன்னொன்றும் தெரியும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் குணம் இடம் மாறிவிடும். பெண்கடல் கொந்தளிக்கும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். 1964 டிசம்பர் 22-23 இரவில் தனுஷ்கோடியைத் துடைத்தெடுத்த புயல் வந்ததும் வாடைப் பருவத்தில்தான். பெயரை மட்டும் தெரிந்துகொண்டவருக்கும் பெயரோடு பருவத்தையும் தெரிந்துகொண்டவருக்கும் உள்ள இந்த வித்தியாசத்தில் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. கடலை அம்மா என்றும் ஆற்றைத் தாய் என்றும் மரத்தைச் சகோதரி என்றும் சொல்லிப் பழகிய நாம், அப்படிச் சொல்வதால் அவற்றை நன்றாக நடத்துகிறோமா?

உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹாங்காங்கைச் சேர்ந்த கிம்-பொங் டாமும் அவரோடு வேலை செய்தவர்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, இயற்கையை மனித உருவில் நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு அதனோடு ஒட்டுதல் அதிகம் என்றும், அந்த ஒட்டுதலே அதைப் பாதுகாக்கும் விருப்பமாக மாறுகிறது என்றும் காட்டியது. அடுத்த ஆண்டு ஆன், கிம், அகர்வால் என்ற மூவர் செய்த சோதனைகள் இன்னும் நுணுக்கமானவை. ஒரு பல்பு, ஒரு குப்பைத்தொட்டி, ஒரு மரம். இவற்றுக்கு முகம் வரைந்து, அவையே நம்மிடம் பேசுவது போலச் சுவரொட்டி தயாரித்துக் காட்டினார்கள். முகமில்லாத சுவரொட்டியைப் பார்த்தவர்களைவிட முகமுள்ளதைப் பார்த்தவர்கள் மின்சாரத்தைச் சேமிக்கவும் மரத்தைக் காக்கவும் கூடுதலாக முன்வந்தார்கள். காரணம் அன்பு என்று நினைக்கத் தோன்றும். ஆய்வாளர்கள் கண்டது குற்ற உணர்வை. உதவாமல் போனால் பின்னால் மனம் உறுத்துமே என்ற முன்யோசனைதான் அவர்களை அசைத்திருக்கிறது.

நெய்தல் நிலத்தில் இது புதிய செய்தியில்லை. நற்றிணையின் 172-ஆம் பாட்டில் சிறுமிகள் விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னை விதை முளைத்து மரமாகிறது. அது உன் தங்கை என்று தாய் சொல்லியிருக்கிறாள். அதனால் அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேசத் தலைவிக்கு வெட்கமாக இருக்கிறது. மரத்துக்கு உறவு கொடுத்ததால் அங்கே விளைந்தது நாணம். மரம் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆகவே அதன் முன்னால் சிலவற்றைச் செய்ய முடியாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் இதை ஒட்டியதுதான். இயற்கைக்கு ஆள் உருவம் கொடுப்பது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த உறவைக் கொடுக்கிறோம், அந்த உறவு நம்மை எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்று கேட்க வேண்டும். எதையுமே தடுக்காத உறவு, சொல்லளவில் எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும், கடலுக்குப் பயன்படுவதில்லை. ராமநாதபுரம் கரையில் இதற்குச் சாட்சியாக மூன்று உயிர்கள் இருக்கின்றன. ஒன்றைப் பசு என்றோம், ஒன்றை அட்டை என்றோம், ஒன்றைப் பாறை என்றோம்.

முதலில் பசு. பாடப்புத்தகத்தில் கடற்பசு, மீனவர் பேச்சில் ஆவுளியா. முழுக்கத் தாவரம் தின்னும் கடல் பாலூட்டி இது. ஒரு நாளில் 30, 40 கிலோ கடற்புல்லை மேயும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூச்சுவிட மேலே வரும். 13, 14 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். முன்துடுப்பின் அடியில் பால்காம்பு இருப்பதால், குட்டிக்குப் பால் கொடுக்கும் ஆவுளியாவைத் தூரத்திலிருந்து பார்த்த மாலுமிகள் கடற்கன்னி என்று நம்பியதாகச் சொல்வார்கள். விலங்கியல் அதைச் சேர்த்திருக்கும் வரிசையின் பெயரே கிரேக்கக் கதைகளின் மோகினிகளான சைரன்களிடமிருந்து வந்தது. இவ்வளவு தாய்மையைப் பார்த்த பிறகும் இந்தக் கரையில் அதன் இறைச்சி நெடுங்காலம் விலைபோனது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உச்சப் பாதுகாப்பு கொடுத்தது. அதன் பிறகும் வேட்டை உடனே நிற்கவில்லை. இன்று இந்தியக் கடல்களில் மிஞ்சியிருப்பவை சில நூறு என்பதே கணிப்பு. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் ஒரு மாற்றம் தெரிகிறது. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்துக் கடலில் விடும் மீனவர்கள் இருக்கிறார்கள். வனத்துறை அவர்களை அழைத்துப் பாராட்டி ஊக்கத்தொகையும் தருகிறது. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில் இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தை அரசு அறிவித்தது. குட்டியை அணைத்து நீந்தும் தாயின் படம் இந்த மாற்றத்துக்கு உதவியிருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அந்தப் படம் தனியாக வேலை செய்யவில்லை. அறுந்த வலைக்கு ஈடாக மீனவர் கையில் ஏதாவது வந்தது; பல ஊர்களில் அதிகாரிகளும் ஆராய்ச்சியாளர்களும் உட்கார்ந்து பேசினார்கள்.

அடுத்து அட்டை. பசுவுக்கு நேர் எதிரான இடத்தில் இருக்கிறது கடலட்டை. கண் இல்லை, முகம் இல்லை, குரல் இல்லை. கையில் எடுத்தால் தண்ணீர் நிரப்பிய தோல்பை போல இருக்கும். மிரண்டால் சில வகைகள் தங்கள் குடலையே வெளியே தள்ளிவிட்டு, பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும். இரத்தம் உறிஞ்சும் அட்டையோடு இதற்கு எந்த உறவும் இல்லை. நட்சத்திர மீனுக்குத்தான் இது சொந்தம். நாள் முழுக்க இது செய்வது ஒரே வேலை. கடலடி மணலை வாயில் போட்டு, அதில் உள்ள மக்கிய சத்தைச் செரித்துக்கொண்டு, மணலைச் சுத்தமாக வெளியே விடுகிறது. நிலத்தில் மண்புழு செய்வதைக் கடலில் இது செய்கிறது. அட்டை மண்ணைக் கிளறி, கழிவைச் சத்தாக மாற்றித் தருவதால் கடற்புல் செழிக்கிறது. அந்தப் புல்லைத்தான் ஆவுளியா மேய்கிறது. அதாவது சுவரொட்டியில் நாம் கொண்டாடும் பசுவின் மேய்ச்சல் நிலத்தை உழுகிறது, சுவரொட்டியில் இடம் கிடைக்காத அட்டை. 2001-ல் மத்திய அரசு கடலட்டைகள் அனைத்தையும் அதே 1972 சட்டத்தின், உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்த்தது. தாளில் பார்த்தால் அன்றைக்கே ஆவுளியாவும் அட்டையும் ஒரே தகுதிக்கு வந்துவிட்டன. கரையில் அப்படி நடக்கவில்லை. மண்டபம் பக்கத்திலிருந்து இலங்கைக்குக் கடத்தப்படும் அட்டை பிடிபடும் செய்தி இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறது. எதிர்க்கரையில் சட்டப்படி நடக்கும் தொழில் இங்கே மட்டும் குற்றமா என்று கேட்கும் மீனவருக்கு, அந்த உயிர் ஏன் முக்கியம் என்று யாரும் மனத்தில் படும்படி எடுத்துச் சொல்லவில்லை. முகம் உள்ளதற்கு மட்டும் இரங்கும் பழக்கத்தின் விலை இது. ஆள் உருவம் கொடுப்பது ஒரு கைவிளக்கு மாதிரி. எதன்மேல் வெளிச்சம் விழுகிறதோ அது தெரியும். பக்கத்தில் இருப்பது முன்பைவிட இருட்டாகும்.

பாறையின் கதை இன்னும் வருத்தமானது. பவளம் ஓர் உயிர். ஊசிமுனை அளவிலிருந்து விரல்நுனி அளவு வரையுள்ள சின்னஞ்சிறு விலங்குகள் லட்சக்கணக்கில் கூடி, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தாங்கள் குடியிருக்கும் வீட்டைத் தாங்களே கட்டுகின்றன. உருண்டையாக வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதே அரிது. நாம் வைத்த பெயர் பவளப்பாறை. பாறை என்ற பிறகு அதை உடைப்பதில் என்ன தயக்கம் இருக்க முடியும்? சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் அது முழுதாக நிற்கவில்லை. 2001-ல் பவளமும் முதல் அட்டவணைக்கு வந்தது. அதற்குள் கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டியும் தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளத்தை எடுத்ததால் அலையைத் தடுக்க ஒன்றுமில்லாமல் போய், மணல்தீவுகள் கரைந்தன என்பது ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம். 2010-லும் 2016-லும் கடல்நீர் சூடேறி மிஞ்சிய பவளங்கள் வெளுத்தபோது, அது ஒரு மரணம் என்று நமக்கு உறைக்கவில்லை. கல் வெளுத்தால் யார் அழுவார்கள்? உயிருக்கு மனித முகம் கொடுப்பது மிகை என்று சொல்கிறவர்கள், உயிரிடமிருந்து உயிரையே பறிக்கும் பெயர்களையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் அறிவியல் தரப்பின் ஆட்சேபத்தைக் கேட்டாக வேண்டும். கடல் யாருக்கும் தாயில்லை. அதற்குக் கோபமும் கருணையும் கிடையாது. அப்படிச் சொல்லி வளர்த்தால் பிள்ளைகள் நீரோட்டத்தையும் வெப்பநிலையையும் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். இதில் நியாயம் உண்டு. 2014-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பெண் பெயர் வைத்த சூறாவளிகளில் சாவு அதிகம், பெண் பெயரைக் கேட்டு மக்கள் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள் என்று சொல்லிப் பரபரப்பானது. அதன் புள்ளிவிவர முறையில் ஓட்டை இருக்கிறது என்று மற்றவர்கள் உடனே எடுத்துக்காட்டினார்கள். எனவே அந்த முடிவை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனாலும் பெயர் நம் எச்சரிக்கையை மழுங்கடிக்கக்கூடும் என்ற கவலை நியாயமானது. வாடைப் பருவத்துப் பெண்கடல் அதை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. அதே சமயம், அறிவியலும் நிர்வாகமும் பயன்படுத்தும் சொற்களில் உருவகமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மீன்வளம் என்கிறோம். வளம் என்றால் எடுக்கப்படுவதற்காகக் காத்திருக்கும் சரக்கு. கடலைக் களஞ்சியமாகப் பார்ப்பதும் ஒரு கற்பனைதான். தாயாகப் பார்ப்பதைவிட அது உண்மைக்கு எந்த வகையிலும் நெருக்கமானதில்லை. உருவகம் இல்லாமல் கடலைப் பற்றிப் பேசவே முடியாது என்றால், எந்த உருவகம் கையைக் கட்டுகிறது, எது அவிழ்த்துவிடுகிறது என்பதுதான் கேள்வி.

தாய் என்ற உருவகம் பெரும்பாலும் அவிழ்த்துத்தான் விடுகிறது என்பது என் கருத்து. இப்படிச் சொல்வது பலருக்கு வலிக்கும் என்று தெரியும். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று எல்லா மதத்தாரும் கடலில் இறங்கும் கரை இது. கடல்தாய் என்பது அங்கே வெறும் அலங்காரச் சொல் இல்லை. ஆனால் நம் பண்பாட்டில் தாய் என்றால் என்ன பொருள் என்று நிதானமாக யோசிக்க வேண்டும். கேட்காமல் கொடுப்பவள். எவ்வளவு எடுத்தாலும் குறையாதவள். என்ன செய்தாலும் மன்னிப்பவள். இந்த மூன்றுமே கடலைப் பொறுத்தவரை பொய். மானிடவியலாளர் கெல்லி ஆலி கங்கைக் கரையில் பல ஆண்டு ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட நூல் இதே முடிச்சைத்தான் காட்டியது. கங்கையில் அழுக்கு இருக்கிறது என்பதைப் பக்தர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் கங்கை மாதா தூய்மை கெட்டவள் ஆக முடியாது என்று நம்புகிறார்கள். நம் பாவத்தைக் கழுவுகிறவளை நாம் எப்படி அழுக்காக்க முடியும்? ராமேஸ்வரத்தின் அக்னி தீர்த்தத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் பல்லாயிரம் பேர் முங்கி எழுகிறார்கள். உடுத்தியிருந்த துணியைப் பாவத்தோடு சேர்த்துக் கடலிலேயே விட்டுவிடுவது பலருக்கு வழக்கம். நனைந்து மணலில் பாதி புதைந்த வேட்டியும் சேலையும் காலைச் சுற்றும். அவற்றை வாரி அள்ளுவது நகராட்சித் தொழிலாளர்கள். அந்தத் துணியை விட்டுப்போனவர்கள் கடலை மதிக்காதவர்கள் இல்லை. மிக உயரத்தில் வைத்து மதித்ததால்தான், அதற்கும் உடம்பு உண்டு, அதற்கும் நோகும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

சட்டமும் இதே பாதையில் நடந்து பார்த்திருக்கிறது. 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டப்படி ஆள் என்று அறிவித்தது. ஆற்றில் வெள்ளம் வந்து சேதம் செய்தால் ஆற்றின் பாதுகாவலரான அதிகாரி இழப்பீடு கொடுக்க வேண்டுமா என்று மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலையிலேயே தீர்ப்புக்கு இடைக்காலத் தடை. 2022 ஏப்ரலில், ராமநாதபுரமும் தன் எல்லைக்குள் வரும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கைத் தாய் உயிருள்ள ஓர் ஆள், அவளுக்கு உரிமைகள் உண்டு என்று சொன்னது. மனதைத் தொடும் தீர்ப்பு. ஆனால் மண்டபத்தில் கடற்புல் அழிந்தால் இந்தத் தாயின் சார்பில் யார் வழக்குப் போடுவார், யாருடைய பணத்தில்? நியூசிலாந்தில் வாங்கனுயி ஆற்றை ஆளாக ஏற்ற 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் விடை எழுதிவைத்தது. ஆற்றின் சார்பில் பேச அரசு ஒருவரையும் மாவோரி மக்கள் ஒருவரையும் நியமிக்க வேண்டும். ஆற்றின் நலனுக்கென்று 3 கோடி நியூசிலாந்து டாலர் நிதி. மாவோரிகள் ஆற்றை முன்னோர் என்கிறார்கள். முன்னோருக்குச் செய்ய வேண்டியதை வாரிசுகள் பெயர், பொறுப்பு, தொகை என்று பிரித்து எழுதிக்கொண்டார்கள்.

வயிற்றுப்பாட்டைப் பற்றிய ஆட்சேபம் இன்னும் கனமானது. டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் வாங்கிப் படகை இறக்கும் ஒருவரிடம் கடலுக்கு வலிக்கும் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? இழுவைமடி வலை கடற்புல்லை வாரிக்கொண்டு போகிறது என்பது அவருக்கும் தெரியும். அன்பு இல்லாததால் அவர் அதைப் போடவில்லை. வட்டி கட்ட வேண்டியிருப்பதால் போடுகிறார். உருவகம் மட்டும் கடனை அடைக்காது, உண்மைதான். ஆனால் வெறும் வயிற்றுப்பாட்டை மட்டும் வைத்தும் இந்தக் கரையை விளக்கிவிட முடியாது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாள் என்ற ஏற்பாடு மோதல்களுக்குப் பிறகு 1970-களின் கடைசியில் உருவாகி இன்னும் பேசப்படுகிறது, மீறப்படும்போது சண்டைக்குக் காரணமாகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. இவை கடலைத் தாயாக நினைத்துப் போட்ட விதிகளா என்று தெரியாது. ஆனால் கடலுக்கும் ஓய்வு வேண்டும் என்ற எண்ணத்தை ஒரு மீனவருக்குப் புரியவைக்க நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவர் அவர்.

கடலுக்கு ஓய்வு கொடுப்பதை மிகத் தெளிவாகச் செய்துகாட்டியவர்கள் பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் போன்ற ஊர்களில் கடற்பாசி எடுக்கும் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையைப் போட்டு, கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கீற்றைச் சுற்றி, மூச்சடக்கி முங்கி, கையால் பாசியைப் பறித்து இடுப்புப் பையில் போடுகிறார்கள். ஆண்கள் படகில் போகும் கரையில், கடலுக்குள் இறங்கும் பெண்களின் தொழில் இது. தேசியப் பூங்கா வந்தபோது தீவுகளின் பக்கம் அவர்கள் போவது குற்றமானது. இயற்கையைக் காப்பாற்றும் அவசரத்தில் அதனோடு அன்றாடம் புழங்கியவர்களை அந்நியர் ஆக்கினோம். அவர்கள் போராடினார்கள், பேசினார்கள், தங்களுக்குள் ஒரு கட்டுப்பாட்டையும் வைத்துக்கொண்டார்கள். அந்த முயற்சியில் முன்னின்ற சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற சூழல் அமைப்பின் விருது கிடைத்தது. கட்டுப்பாடு இவ்வளவுதான்: மாதத்தில் 12 நாள் மட்டும் பறிப்பது, அமாவாசையை ஒட்டி ஆறும் பௌர்ணமியை ஒட்டி ஆறும். பாசி பெருகும் சித்திரை, வைகாசிப் பக்கம் 45 நாள் யாரும் இறங்குவதில்லை. மற்ற நாட்களில் விரல்துணியை அவிழ்த்து உலர்த்திவிட்டு வேறு கூலிக்குப் போகிறார்கள், பாசி வளர்ந்துகொண்டிருக்கிறது.